சித்திரை 20

சென்ற மாதம் லண்டனின் வடமேற்கில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மேடையில் என்னை அறிமுகம் செய்த பெரியவர், "அன்று அகதியாக வந்தவர், இன்று அகதிப் பிள்ளைகளைப் பார்க்கிறார், பட்ட துன்பமே அவரை இந்தப் பணிக்குத் தகுதியாக்கியது" என்று சொன்னார். மண்டபம் கைதட்டியது. நானும் கும்பிட்டுவிட்டு அமர்ந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அந்த வாக்கியம் மனதை உறுத்திக்கொண்டே வந்தது. அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் துன்பப்பட்டவன் அந்தத் துன்பத்தினாலேயே பிறருக்கு உதவத் தகுதி பெற்றுவிடுகிறான் என்பது, என் வாழ்க்கையைப் பொறுத்தவரையில், பாதி உண்மைகூட இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு.

கிளிநொச்சியை விட்டு நாங்கள் வெளிக்கிட்டது 2008ஆம் ஆண்டின் கடைசியில். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன் என்று வன்னியில் இருந்த எல்லோரும் நடந்த அதே வழியில்தான் நாங்களும் நடந்தோம். 2009 ஏப்ரல் 20ஆம் திகதி இராணுவம் புதுமாத்தளன் பக்கத்தால் உள்ளே வந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வெளியே வந்தது. அந்தச் சனத்தோடு சனமாக நாங்களும் வந்தோம். பிறகு ஓமந்தை, அதற்குப் பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம். முட்கம்பிக்குள் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் இருந்த அந்த இடத்திலிருந்து என்னை விசாரணைக்கென்று தனியே கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா தன் நகைகளையும் பரந்தனில் இருந்த காணியையும் விற்று என்னை வெளியே எடுத்தார். 2010 இலையுதிர் காலத்தில் நான் பிரித்தானியாவில் தஞ்சம் கேட்டேன்.

எனக்கு இரண்டு நேர்காணல்கள் நடந்தன. முதலாவது சுருக்கமானது: பெயர், வந்த வழி, ஏன் வந்தாய் என்பதற்கு இரண்டு வரி. அதற்கு மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சில வாரங்களுக்குப் பின் நடந்த பெரிய நேர்காணலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அம்மா மொழிபெயர்த்தார். மிகவும் மரியாதையானவர், நான் தண்ணீர் கேட்கத் தயங்கியதைக் கண்டு தானாகவே கேட்டு வாங்கித் தந்தவர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, "போர்ப் பகுதியை விட்டு எப்போது வெளியே வந்தீர்கள்?" என்பது. நான், "சித்திரை இருபதாம் திகதி வந்தனாங்கள்" என்றேன்.

ஈழத்தவர் இதை வாசிக்கும்போதே விளங்கிக்கொள்வார்கள். எங்கள் பேச்சில் சித்திரை என்றால் ஏப்ரல், மாசி என்றால் பெப்ரவரி, ஆவணி என்றால் ஓகஸ்ட். ஆங்கில மாதங்களுக்கே தமிழ்ப் பெயர்களை வைத்துப் பழகிவிட்டோம். பஞ்சாங்கக் கணக்குக் கோயிலுக்கும் சாதகத்துக்கும் மட்டும்தான். தமிழ்நாட்டிலோ சித்திரை என்பது ஏப்ரல் 14 அளவில் பிறக்கும் மாதம். அந்த அம்மா கடமை தவறாதவர்; மனதுக்குள் கணக்குப் போட்டு, சித்திரை 20 என்பதை மே 3 என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அன்று இருந்த ஆங்கிலத்தில் அது காதில் விழவில்லை. முதல் நேர்காணலில் ஏப்ரல் 20, இரண்டாவதில் மே 3. நிராகரிப்புக் கடிதத்தின் பதினேழாவது பந்தியில் இந்த முரண்பாடு எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. வாழ்க்கையின் மிக முக்கியமான நாளையே ஒருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார் என்றால் அவர் அங்கே இருந்திருக்க முடியாது என்பது அதன் தர்க்கம்.

இன்னொரு பந்தியில் பங்கர் வந்தது. நாங்கள் பங்கருக்குள் இருந்தோம் என்று நான் சொன்னது, ஷெல்லுக்குப் பயந்து ஒவ்வொரு குடும்பமும் தறப்பாளுக்குப் பக்கத்தில் வெட்டிய குழியை. அது கடிதத்தில் இராணுவப் பதுங்குகுழியாக ஆகியிருந்தது. 'காம்ப்' என்ற சொல்லுக்கும் அதே கதி. இயக்கத்தின் காம்ப், ஆமியின் காம்ப், சனம் அடைக்கப்பட்ட காம்ப் மூன்றையும் நாங்கள் ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம், எது எது என்பதை இடம் பார்த்து விளங்கிக்கொள்கிறோம். இடம் தெரியாதவருக்கு அது விளங்காது. எவரும் பொய் சொல்லவில்லை; எவரும் எனக்குக் கெடுதல் நினைக்கவுமில்லை. ஆனாலும் மேன்முறையீட்டிலும் நான் தோற்றேன்.

தோற்ற பிறகு வந்த காலத்தைத்தான் பலரும் என் 'கஷ்ட காலம்' என்று நினைக்கிறார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை அது மெனிக் பாமை விடக் கஷ்டமில்லை. அதற்குள் என்னை இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு தொழில் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். லண்டனில் தங்க இடமில்லாத தஞ்சக் கோரிக்கையாளர்களை 2000ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான் வெளியூர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். நிராகரிக்கப்பட்டவருக்கு வழக்கமான உதவிப்பணம் நின்றுவிடும். சில மாதங்கள் மற்றவர்களின் அறைகளில் தரையில் படுத்த பின், புதிய ஆதாரங்களைச் சமர்ப்பித்ததால், குடிவரவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ஓர் அறையும் 'அசூர்' என்ற அட்டையும் கிடைத்தன. வாரத்துக்கு 35 பவுண் 39 பென்ஸ். ஆனால் கையில் காசாக ஒரு பென்ஸ்கூட இல்லை. குறித்த சில பெரிய கடைகளில் மட்டும் அட்டையைத் தேய்த்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாம். பேருந்தில் ஏற முடியாது. முடி வெட்ட முடியாது. தமிழ்க் கடையில் ஒரு பக்கற் மிளகாய்த்தூள் வாங்க முடியாது. அம்மாவோடு கதைக்கத் தொலைபேசி அட்டை வாங்க முடியாது. குடிவரவு அலுவலகத்தில் சைன் வைக்கப் போகும் நாட்களில் நடந்து போவேன், நடந்து வருவேன். ஒரு மனிதனைக் காசில்லாமல் வைத்திருப்பதற்கும் காசைத் தொடவே விடாமல் வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அப்போதுதான் கண்டேன். அந்த அட்டை 2017இல் ஒழிந்தது; அதற்குப் பதில் வந்த அட்டை வேறு விதமாகத் தொல்லை தருவதாக இன்று என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களுக்குத் தேநீரும் சூப்பும் கொடுத்தார்கள். அங்கே ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் வருவார். எழுபது வயதிருக்கும். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, "ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா?" என்பது மட்டும்தான். என் ஊர், என் கதை, நான் ஏன் வந்தேன் என்ற எதையும் அவர் கேட்கவில்லை. அந்த வாரமும் இல்லை, அதற்கு அடுத்த ஆறு மாதங்களும் இல்லை. கடிதத்தை மெதுவாக வாசிப்பார், அதில் உள்ள திகதிகளைத் தன் சிறிய கொப்பியில் எழுதுவார், எனக்கும் ஒரு துண்டில் எழுதித் தருவார். பிறகு என்னோடு கடைக்கு நடந்து வருவார். அவருடைய பாணும் பாலும் பூனைச் சாப்பாடும் என் அட்டையில் போகும். அந்தத் தொகையை வெளியே வந்து காசாக என் கையில் வைப்பார். விதிப்படி அது கூடாது. பிடிபட்டால் என் உதவி நின்றுபோகும் என்பதை அவர் முதலிலேயே சொல்லி, முடிவை என்னிடம் விட்டிருந்தார். அந்தக் காசில்தான் நான் முதன்முதலாக அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் சனத்தில் உதவி செய்பவர்கள் பலர் முதலில் கேட்பது 'எந்த ஊர், ஆருடைய பிள்ளை' என்பதுதான். அதிலும் ஒரு சூடு உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரச அலுவலகங்களில் என் கதையைச் சொல்லிச் சொல்லி அது என் வாயிலேயே தேய்ந்துபோயிருந்த அந்த நாட்களில், கதை கேட்காத ஒருவர் கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது.

தஞ்சம் கேட்டிருப்பவர் பொதுவாக வேலை செய்யக் கூடாது, ஆனால் தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யலாம். நானும் அந்த மண்டபத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு தமிழர் வந்தால் மொழிபெயர்க்கும் நிலைக்கு வந்தேன். இங்கேதான் அந்தப் பெரியவரின் வாக்கியத்துக்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. 2012இல் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், என்னை விட இருபது வயது மூத்தவர், நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தார். "தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். என் வழக்கில் சட்டத்தரணி தானாகவே மேன்முறையீடு போட்டிருந்தார். ஆகவே, "லோயர் பார்த்துக்கொள்வார் அண்ணை, பயப்படாதேங்கோ" என்று சொன்னேன். அன்றைய விதிப்படி மேன்முறையீட்டுக்குப் பத்து வேலை நாட்கள்தான். அவருடைய சட்டத்தரணி ஏற்கெனவே அவரைக் கைவிட்டிருந்தார் என்பது பதினான்காம் நாள்தான் தெரிய வந்தது. கணித ஆசிரியை ஒரு சட்ட உதவி நிலையத்துக்கு ஓடி, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து, அது ஏற்கப்பட்டது. தகுதிப் பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அன்றுதான் அவர் எனக்குச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பிழையான கணக்கைத் திருத்தும் ஆசிரியையின் குரலில்தான் சொன்னார். என் துன்பம் எனக்குக் கற்பித்தது என் வழக்கை மட்டும்தான். அடுத்தவரின் வழக்கை அது கற்பிக்கவில்லை. அதை விட மோசம், கற்பித்துவிட்டதாக என்னை நம்ப வைத்திருந்தது.

என் சொந்த வழக்கைத் திருப்பியவை இரண்டு. ஒன்று, 2013 ஜூலையில் குடிவரவு மேன்முறையீடுகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயம் போருக்குப் பிந்திய இலங்கையைப் பற்றி வழங்கிய வழிகாட்டுத் தீர்ப்பு. இலங்கைப் பாதுகாப்புத் துறையினரால் தடுத்து வைக்கப்படும் ஒருவருக்குச் சித்திரவதை செய்யப்படும் உண்மையான ஆபத்து இன்னும் இருக்கிறது என்று அது ஏற்றுக்கொண்டது. மற்றது, சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்று 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கிய நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் எழுதிய அறிக்கை. ஹெலன் பாம்பர் தன் இருபதாவது வயதில், 1945இல், பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் எஞ்சியிருந்தவர்களுக்கு உதவப் போனவர். அவரை நான் சந்தித்ததில்லை. ஆனால் அந்த மருத்துவர் என் உடம்பைப் பார்த்த விதத்தில் ஒரு மரபு இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று உண்டு. அதன்படி ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாகப் பார்த்து, சொல்லப்பட்ட காரணத்தோடு அது பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அந்தக் காயத்துக்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்ற ஐந்து படிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முழங்காலில் இருந்த தழும்பைத் தொட்டு, "இது?" என்று கேட்டார். சைக்கிளால் விழுந்தது என்றேன். அதையும் அப்படியே எழுதினார். தனக்குச் சாதகமில்லாத தழும்பையும் மறைக்காமல் சொன்னவர் என்பது பின்னர் எனக்கே சாதகமாக வந்தது. இத்தகைய அறிக்கைகளைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 2019 மார்ச்சில். அந்த வழக்கும் முதுகில் சூட்டுத் தழும்புகளோடு வந்த ஓர் ஈழத்தமிழருடையது. அவரே கேட்டு வேறொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்ட தழும்புகளாக இருக்கலாம் என்று கீழே சொல்லப்பட்ட வாதத்துக்கு எதிராக அவர் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

சித்திரைக் குழப்பத்தை என் புதிய சட்டத்தரணி ஒரே பக்கத்தில் தீர்த்துவிட்டார். 2014இல் எனக்கு ஐந்து வருட அகதி விசா கிடைத்தது.

கிடைத்த மகிழ்ச்சி இருபத்தெட்டு நாள்தான். அந்த நாட்களுக்குள் அறையை விட வேண்டும், அட்டை நின்றுவிடும், அதற்குள் தேசிய காப்புறுதி எண்ணும் வங்கிக் கணக்கும் எடுத்து உதவிப்பணத்துக்கோ வேலைக்கோ வழி பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு நண்பனின் கடைக்கு மேல் மாடியில் படுத்து, இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட் விற்றுக்கொண்டே சமூகப் பணி படிப்பைப் பற்றி வாசித்தேன்.

எங்கள் தமிழில் 'சமூக சேவை' என்றால் ஊருக்கு நல்லது செய்வது. கோயில் அன்னதானமும் இரத்ததான முகாமும் அதற்குள் அடங்கும். இங்கே 'சோஷல் வேர்க்கர்' என்பது அதுவல்ல. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் அது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர். பதிவு இல்லாதவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவே முடியாது. நம்மவர் பலருக்கு அது 'பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போறவன்' என்ற பொருளில்தான் தெரியும். என் மாமி முறையான ஒருவர் நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததைக் கேட்டு, "எஞ்சினியரிங் கிடைக்கேல்லையோ?" என்றார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவனாகையால் கேள்வி நியாயமானதுதான்.

இந்த வழியைப் பற்றி மின்னஞ்சலில் கேட்கும் தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களுக்கு பல்கலைக்கழகம் புக ஒரு வருட 'அக்சஸ்' படிப்பு உண்டு. அதோடு ஆங்கிலமும் கணிதமும் சாதாரண தரத்துக்கு நிகராக வேண்டும். அகதி நிலை கிடைத்தவருக்கு உள்நாட்டுக் கட்டணமும் மாணவர் கடனும் உடனே கிடைக்கும். தீர்ப்புக்காகக் காத்திருப்பவரிடம் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள், கடனும் இல்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் 'சாங்சுவரி' என்ற பெயரில் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன, விசாரியுங்கள். பட்டப்படிப்பு மூன்று வருடம். அதில் 170 நாட்கள் உண்மையான இடத்தில் பயிற்சி, பெரும்பாலும் 70 நாட்களும் 100 நாட்களுமாக. நான் 2019இல் முடித்துப் பதிவு பெற்றேன். அதே வருடம் டிசம்பரில் பதிவு செய்யும் பொறுப்பு 'சோஷல் வேர்க் இங்கிலாந்து' என்ற புதிய அமைப்புக்கு மாறியது.

அந்த 100 நாட்களில் எனக்கு வாய்த்த பயிற்சியாசிரியர் ஜமெய்க்கப் பூர்வீகம் கொண்ட ஒரு பெண்மணி. வாரம் ஒரு முறை மேற்பார்வைக்கு அமர வேண்டும். நான் எழுதிய முதல் அறிக்கையை வாசித்துவிட்டு, அதில் 'அவர் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்' என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். ஒன்பது வட்டங்கள். "இவற்றுள் எத்தனை அந்தப் பெண் சொன்னது, எத்தனை நீங்கள் சொன்னது?" என்று கேட்டார். இரண்டுதான் அந்தப் பெண் சொன்னது. மீதி ஏழும் என்னுடைய வேதனை. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் அன்றைக்குப் பெரிய கவலையாக இருந்தது வீட்டில் பூஞ்சணம் பிடித்த சுவரும் மகனின் ஈளை நோயும். நான் அவருடைய நாட்டையும் போரையும் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு, சுவரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணித ஆசிரியை முதல் நாளிலேயே செய்துகாட்டியதை நான் அவ்வளவு வருடங்களாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

இன்று நான் ஒரு நகராட்சியில், பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து தஞ்சம் கேட்கும் சிறுவர்களுக்கான பிரிவில் வேலை செய்கிறேன். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அவர்கள் நகராட்சியின் பராமரிப்புக்குள் வருகிறார்கள். வளர்ப்புக் குடும்பம், பாடசாலை, பல் மருத்துவர், குளிர்ச் சட்டை எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்த வேலையில் பெரும்பகுதி இன்பமானது. கடினமானது ஒன்றுதான்: வயது மதிப்பீடு. ஒருவர் தனக்குப் பதினாறு என்கிறார், எல்லையில் இருந்த அதிகாரி பெரியவர் என்று நினைக்கிறார். பத்திரம் ஏதும் இல்லை. அப்போது இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்ந்து முடிவு சொல்ல வேண்டும். 2003இல் மேர்ட்டன் நகராட்சிக்கு எதிரான வழக்கில் வந்த தீர்ப்பின் நெறிகளே இன்றும் எங்களுக்கு வழி: தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, வரலாற்றைக் கேட்க வேண்டும், முரண்பாடு தெரிந்தால் அதை அவர் முன் வைத்து விளக்கமளிக்க இடம் தர வேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் முடிவு பிழை என்றால் நீதிமன்றமே வயதைத் தீர்மானிக்கலாம் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, கேள்வி கேட்பவனாக நான் இருக்கிறேன். மேசையில் கொப்பி என்னுடையது. என்னைப் போன்றவன் அங்கே இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள். எப்போதும் அல்ல. ஒருமுறை ஓர் இளைஞர், தந்த பிஸ்கட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை யாரும் பார்க்காதபடி பொக்கற்றுக்குள் வைத்தார். மெனிக் பாமில் நானும் அப்படித்தான் வைப்பேன். அந்தக் கணத்திலேயே அவரை நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. என்னோடு இருந்த சக பணியாளர் கேட்டார். அவர் கேட்டு எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அந்த மனிதருக்கு இருபத்தைந்தாவது இருக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. "பசிக்கு வயது கிடையாது" என்றார் சக பணியாளர். பெரியவர் என்ற முடிவில் நானும் கையெழுத்திட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இருபத்தைந்து வயதுக்காரரை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கையெழுத்தை நினைக்காத மாதம் இல்லை.

மற்றொரு முறை எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பையன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அது 2022ஆம் ஆண்டுக் கோடைகாலம். வந்து இறங்கிய இடத்தில் அவனிடம் பிறந்த ஆண்டைக் கேட்டிருக்கிறார்கள், 1998 என்று சொல்லியிருக்கிறான். அதன்படி அவனுக்கு இருபத்து நான்கு வயது. பெரியவர்களுக்கான விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் ஒரு தொண்டு நிறுவனத்திடம் தனக்குப் பதினாறு என்று அவன் சொன்னது கோப்பில் முரண்பாடு என்று குறிக்கப்பட்டிருந்தது. கோப்பை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எத்தியோப்பியாவின் நாட்காட்டி நம்முடையதை விட ஏழு எட்டு ஆண்டுகள் பின்னால் போவது. அவர்களுக்கு வருடத்தில் பதின்மூன்று மாதங்கள். புத்தாண்டு செப்ரெம்பரில் பிறக்கும். அவர்களுடைய 1998 என்பது இங்கே 2005 செப்ரெம்பரிலிருந்து 2006 செப்ரெம்பர் வரை. ஆப்கானிஸ்தான் பிள்ளைகளிடமும் இதே சிக்கல் உண்டு. அவர்களுடைய ஆண்டோடு 621 கூட்ட வேண்டும், ஆண்டு பிறப்பது மார்ச் 21 அளவில் என்பதால் சில மாதங்களுக்கு 622.

நான் அப்போதே முடிவை எழுதிவிடுவேன் போலிருந்தேன். பழைய பென்சில் வட்டங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு முரண்பாடு தீர்ந்ததால் வயது உறுதியாகிவிடாது. பள்ளிக்கு எப்போது போனான், அக்காவுக்கும் அவனுக்கும் எத்தனை வயது இடைவெளி, ஊரை விட்ட பின் எத்தனை மழைக்காலம் கழிந்தது என்று எல்லாம் கேட்க வேண்டும். கேட்டோம். மூன்று அமர்வுகள் ஆயின. அவன் சிறுவன்தான் என்று இருவரும் ஒருமித்து எழுதினோம்.

எங்கள் முதல் அமர்வில் நான் கேள்விகளைத் தொடங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரும் அவனும் ஒருவரையொருவர் சரியாக விளங்கிக்கொள்கிறார்களா என்று பார்ப்பதற்காக, முதல் பத்து நிமிடம் ஏதாவது ஊர்க்கதை பேசச் சொல்வது என் வழக்கம். அன்று புத்தாண்டைப் பற்றிப் பேசச் சொன்னேன். மழை ஓய்ந்து மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ பூத்திருக்கும் என்றும், சிறுமிகள் அதைப் பறித்துக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போவார்கள் என்றும், தன் தங்கை பாடத் தெரியாமலே காசு வாங்கி வருவாள் என்றும் சொல்லி அவன் சிரித்தான். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டான். உங்களுக்குப் புதுவருடம் எப்போது என்று கேட்கிறான், என்றார் அவர்.

சித்திரை என்றேன். அது எந்த மாதம் என்று அவர் கேட்டார். எங்களுக்கு இரண்டு சித்திரை இருப்பதை இருவருக்கும் விளக்கி முடிக்க எனக்கு மீதிப் பத்து நிமிடமும் பிடித்தது.